வீட்டோட மாமனார்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது எங்கள் அடுக்ககத்துக்கும் படிவக் கட்டோடு ஒரு அம்மா வந்தார். அங்கன்வாடியில் வேலை, கூடவே பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் பொறுப்பு. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மாமனாரைப் பார்த்து, "ஐயாவுக்கு எந்த ஊர்ல ஓட்டு? இங்கயே இருக்கறவரா?" என்று கேட்டார். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இல்லம்மா, பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கேன். எனக்கு ஊரு கும்பகோணம் பக்கம்" என்றார். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. 2021-ல் மாமியார் தவறிப்போன பிறகு, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு தோள்பையோடு வந்தவர் அவர். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-ன் 20-ஆவது பிரிவைப் படித்தால் அதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிடமாட்டார். அதேபோல, தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் அங்கே வசிக்காதவர் என்றும் ஆகிவிடமாட்டார். மாமாவின் நாலைந்து வருஷங்கள் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள் வந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அவர்களுக்குக் குடும்பம் என்றால், சேர்ந்து வசித்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். அந்தக் கணக்கில் அவர் எங்கள் வீட்டு ஆள், கேள்வியே இல்லை.

அன்றைக்கு என்னை உறுத்தியது இன்னொன்று. திருத்தப் படிவத்தில் 2002-ஆம் வருஷத்துப் பழைய பட்டியல் விவரம் எழுதவேண்டும். 2002-ல் என் மனைவிக்கு 18 முடியவில்லை, அதனால் அவள் பெயர் அதில் இல்லை. பெயர் இல்லாதவர்கள் அப்பா அம்மாவின் விவரத்தைக் கொடுக்கலாம். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பழைய பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் மகளுக்கு நிதானமாகச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள். அவள் இந்த வீட்டில் இருப்பதற்கு அந்த ஊர் அப்பா சாட்சி. அந்த அப்பாவோ இதே வீட்டில் இருந்துகொண்டு, இங்கே இல்லை என்கிறார். தன் படிவத்தைப் பூர்த்தி செய்ய மறுநாள் பஸ் ஏறி ஊருக்குப் போனார்.

விருந்தும் மருந்தும்

"விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்பது மாமா அடிக்கடி சொல்லும் பழமொழி. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவருடைய தோள்பை இன்றும் கட்டிலுக்கு அடியில் கட்டியபடியே இருக்கிறது. இரண்டு வேட்டி, ஒரு துண்டு, மருந்துச் சீட்டுகள், ஒரு டார்ச். அலமாரியில் ஒரு தட்டை அவருக்காக ஒழித்துக் கொடுத்தாள் மனைவி. அதில் போர்வையை மட்டும் வைத்திருக்கிறார். மாதம் பிறந்தால் வங்கி வட்டியிலிருந்து ஒரு தொகையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார். எடுக்காமல் விட்டால் அடுத்த மாதத் தொகையும் அதன் மேலேயே வந்து உட்காரும். கடைசியில் நாங்கள்தான் தோற்றோம், எடுத்துச் செலவு செய்கிறோம்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவரைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்தவர். தெருவில் அவர் வந்தால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். தலை தீபாவளிக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். பெண் கொடுத்த இடம், பெண் எடுத்த இடம் என்று நம் சமூகம் போட்டுவைத்த மேல் கீழ் கணக்கில், வயதில் எத்தனை பெரியவரானாலும் மாமனார் கொஞ்சம் குனிந்துதான் நிற்கவேண்டும். தீபாவளி, பொங்கல் என்று வருஷத்துக்குச் சில நாள் என்றால் குனிந்து நிற்பதும் ஒரு அழகுதான். தினமும் என்றால் முதுகு என்னாகும்? நான் ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்ததும் அவர் டிவி சத்தத்தைக் குறைக்கிறார். "இருக்கட்டும் மாமா" என்று நான் சொன்னால், "இல்ல மாப்பிள்ளை, பாத்தாச்சு" என்று அறைக்குள் போய்விடுகிறார். எங்கள் இருவருக்கும் இடையே நடக்கும் மிக நீளமான உரையாடல் பல நாள் இதுவாகத்தான் இருக்கும்.

வீட்டோட மாப்பிள்ளை என்றால் நம் ஊரில் கிண்டலுக்குப் பஞ்சமில்லை. எத்தனை நகைச்சுவைக் காட்சிகள்! வீட்டோட மாமனாரை யாரும் கிண்டல் செய்வதில்லை. ஆனால் அவர் எங்கே உட்காரவேண்டும், மளிகைச் சாமான் தீர்ந்தால் அவர் வாங்கலாமா, பேத்தியை அவர் அதட்டலாமா என்பதற்கும் எந்த வழக்கமும் கிடையாது. ஒவ்வொரு வீடும் தானாகத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

மகன் வீடு யாருடைய வீடு

மகன் இல்லாததால் அவர் இங்கே இருக்கிறார் என்று நினைக்கவேண்டாம். என் மச்சான் பெங்களூரில் இருக்கிறார், அப்பா மேல் பாசமுள்ள மனிதர். உறவுக்காரர்கள் கூடினால், "பையன் இருந்தும் பொண்ணு வீட்டுல கெடக்கறாரே" என்று யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லாமல் இருப்பதில்லை. அந்தப் பேச்சுக்கு மனைவி கோபப்படுவாள். எனக்கும் வெகுநாள் மச்சான் மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. பெங்களூருக்குப் போய் அங்கே தங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. மச்சான் மனைவியும் வேலைக்குப் போகிறவர். இரண்டாவது குழந்தை பிறந்தபோது உதவிக்கு வந்த அவருடைய அம்மா அங்கேயே இருக்கிறார். குழந்தைகள் பாட்டியிடம் வளர்கின்றன. இருக்கும் இரண்டு படுக்கையறைகளில் ஒன்று பாட்டிக்கும் பேரக்குழந்தைகளுக்கும். மாமா அங்கே போனால் ஹாலில்தான் படுக்கவேண்டும், அதுவும் சம்பந்தியம்மா நடமாடும் வீட்டில். போன இரண்டாவது வாரமே பஸ் டிக்கெட் எடுத்துவிடுவார்.

அவர் மகன் வீடு என்று நினைப்பது வேறொரு தாய்க்கு மகள் வீடு. என் அம்மாவும் விதிவிலக்கு இல்லை. அப்பா போன பிறகு, திருச்சியில் என் தங்கையோடு இருக்கிறார். "பொண்ணுகிட்டன்னா காலைப் பிடிச்சு விடுடின்னு சொல்லுவேன். மருமககிட்டச் சொல்ல முடியுமா?" என்பது அவர் வாதம். என் மனைவி முகம் வாடினாலும் அதை மறுக்கவில்லை, ஏனென்றால் அவள் அப்பா விஷயத்திலும் நியாயம் அதுதானே. தெரிந்த வீடுகளையெல்லாம் இப்படி மனதுக்குள் அடுக்கிப் பார்த்தால், முதியவர்கள் எல்லாரும் ஒரு வீடு தள்ளி உட்கார்ந்திருப்பது போலிருக்கிறது. யாரும் தீர்மானம் போட்டு இதைச் செய்யவில்லை. பெண்கள் வேலைக்குப் போனார்கள், குழந்தையைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது, அவர்கள் நம்பிக் கூப்பிட்டது தங்கள் அம்மாவை. அம்மா வந்தால் பின்னாலேயே அப்பாவும் வருவார்.

பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒரு காரணம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 1992-93-லேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 குழந்தைகள்தான். 2019-21-ல் அது 1.8. மாமாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர், அவர் பெற்றது இரண்டு, எங்களுக்கு ஒன்று. ஏழு பேர் இருந்தபோது, பெரியவர் மூத்தவன் வீட்டிலா கடைசி மகன் வீட்டிலா என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. ஒருவனுக்குச் சரிப்படவில்லை என்றால் அடுத்தவன். இப்போது ஒரு வீட்டில் இடம் இல்லை என்றால் மிச்சம் ஒரே ஒரு வீடு. இன்னொரு பக்கம் முதியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் சொச்சம். 2021-க்கான அரசு மதிப்பீடு 13.6 சதவீதம்.

கடமை முதலில் வந்தது

இந்த விஷயத்தில் சட்டம் எங்கே நிற்கிறது என்று தேடியபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. கல்யாணமான மகளுக்கும் வருமானம் இருந்தால் அப்பாவைப் பராமரிக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1987-ல். ஒரு பெண் மருத்துவர் மேல் அவருடைய தந்தை தொடுத்த வழக்கு அது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989-ல், அதுவும் அந்த மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை விட்டுவிட்டு. நாடு முழுக்க அந்த உரிமை வந்தது 2005-ல். அதிலும், அப்பா அந்தச் சட்டம் வந்த தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று வழக்கு மேல் வழக்காக இழுத்து, வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில்தான் தெளிவானது. கடமையை ஒரே தீர்ப்பில் கொடுத்துவிட்டார்கள். பங்கைத் தவணை முறையில் கொடுத்தார்கள்.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் மகன், மகள், பேரன், பேத்தி எல்லாரும் ஒரே தட்டில்தான். மகன் முதலில், மகள் பிறகு என்ற வரிசை அதில் இல்லை. நடுவர் மன்றம் மாதம் 10,000 ரூபாய் வரை தரச்சொல்லி உத்தரவிடலாம். மருமகளும் மருமகனும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களையும் சேர்க்க 2019-ல் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது, ஆனால் சட்டமாகவில்லை. ஆக, சட்டப்படி என் மாமனாருக்கு நான் யாரும் இல்லை. என் அம்மாவுக்கு என் மனைவியும் யாரும் இல்லை. இந்தச் சமத்துவம் ஏட்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

எந்த வாசல்

ஊரில் படிவத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய மறுநாள், மாமாவின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க இருவரும் நடந்து போனோம். வழியில், "மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவகிட்டச் சொன்னா அழுவா" என்றார். உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன். "எனக்கு ஏதாவது ஆகும்போல இருந்துச்சுன்னா, மூச்சு இருக்கறப்பவே ஊருக்குக் கொண்டுபோயிடுங்க. உங்க வாசல்லேர்ந்து என்னை எடுக்கக் கூடாது" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் பேச்சை நிறுத்தவும் இல்லை, திட்டமே போட்டு வைத்திருக்கிறார். ஊரில் யாரிடம் சாவி இருக்கிறது, எந்த டிரைவர் ராத்திரி என்றாலும் வருவார், பாண்டிச்சேரி, சிதம்பரம் வழியாகப் போனால் எத்தனை மணி நேரம், பையனுக்கு எப்போது போன் போட்டால் பெங்களூரிலிருந்து சரியான நேரத்துக்கு வந்து சேர்வான். டிரைவர் எண் அந்தத் தோள்பையில் மருந்துச் சீட்டுகளோடு இருக்கிறதாம். நான் கட்டிக் கிடக்கும் பையைப் பார்த்து, மனிதருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இங்கே வாழ்வதற்கு எந்த மறுப்பும் சொல்லவில்லை. சாவதற்குத்தான் இடம் இது இல்லை என்கிறார். ஊர் முகவரியை மாற்றாததும், ஓட்டை அங்கேயே வைத்திருப்பதும், வருஷா வருஷம் வீட்டு வரியைத் தானே போய்க் கட்டுவதும் எல்லாம் அந்த ஒரு நாளுக்கான ஏற்பாடு.

"மாமா, எங்க அப்பாவை இந்த வாசல்லேர்ந்துதானே எடுத்தோம். நீங்களும் கூட நின்னீங்களே" என்றேன். "அவருக்கு அது பையன் வீடு" என்றார். குரலில் ஒரு சங்கடமும் இல்லை. வீட்டுத் தீர்வை ரசீது இன்ன நிறம் என்று சொல்வதுபோல் சொன்னார். அந்த வீட்டின் பத்திரத்தில் முதல் பெயர் அவருடைய மகளுடையது. வீட்டுக்கடன் தவணையில் பாதி அவள் சம்பளத்திலிருந்து போகிறது. இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. வாழ்நாள் முழுக்கப் பத்திரம் பார்த்துக் கடன் கொடுத்த மனிதர். எங்கள் பத்திரத்தையும் பதிவுக்கு முன்னால் வரி வரியாகப் படித்து, எல்லை விவரத்தில் இருந்த பிழையைத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான். ஆனாலும் ஒரே வாசல், என் அப்பாவுக்குச் சொந்த வாசலாகவும் அவருக்கு அந்நிய வாசலாகவும் இருக்க முடிகிறது. பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் நடுவில் நான் இருப்பதால் அது மாப்பிள்ளை வீடு.

இதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கொள்ளி வைக்க மகன், எடுக்கப் பங்காளிகள், வாய்க்கரிசிக்கு ஊர் என்று அவர் தன் அப்பாவுக்குச் செய்ததை, அவர் பார்த்து வளர்ந்ததை, தனக்கும் எதிர்பார்க்கிறார். அடுக்ககத்தில் ஒரு சாவு என்றால் என்ன ஆகும் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். ஃப்ரீசர் பெட்டி லிஃப்ட்டில் ஏறாது, பறை அடிக்கலாமா என்று சங்கத்தில் கேட்கவேண்டும், மதியத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்பார்கள். ஊர் வாசலில் அவருக்கு அவசரம் இருக்காது. இதில் அவருக்குப் புரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான் என்பேன். கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸில் அந்த ஆறு மணி நேரமும் அவர் பக்கத்தில் உட்காரப்போவது மகள்தான். அதற்குத் தகுதியுள்ளவளின் வாசல் ஏன் தகுதி இழந்தது? இதைக் கேட்க வாய் வரை வந்தது. மருமகன் கேட்கிற கேள்வியாக அது இல்லை என்று விட்டுவிட்டேன். மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப நான் இங்க யாரு வீட்டுல இருக்கேனாம்?" என்று மட்டும் கேட்டாள்.

தங்கமான மாப்பிள்ளை

இந்த ஏற்பாட்டில் சுலபமாக லாபம் பார்ப்பவன் நான். "மாமனாரை வீட்டுல வெச்சுப் பாத்துக்கறாரே, தங்கமான மாப்பிள்ளை" என்று கல்யாண வீடுகளில் எனக்குக் கிடைக்கும் பாராட்டுக்கு அளவில்லை. நான் செய்வது என்ன? முகம் சுளிக்காமல் இருப்பது. மாத்திரைப் பெட்டியை நிரப்புவது, சர்க்கரை அளவைக் குறித்துவைப்பது, இரவு இருமினால் எழுந்து வெந்நீர் கொடுப்பது எல்லாம் அவர் மகள். அதே மனைவி என் அப்பாவை அவருடைய கடைசி இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டாள். அவளைத் தங்கம் என்று யாரும் சொன்னதில்லை. சரியாகச் செய்கிறாளா என்று பார்க்கத்தான் வந்தார்கள்.

2024-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். ஆணின் கணக்கே செய்கிறவர்களுக்கு மட்டுமான சராசரி, செய்யாதவர்கள் அதில் சேர்த்தி இல்லை. அதனால்தான், பெற்றோர் மகள் வீட்டுக்கு இடம் பெயர்ந்ததைப் பெண்ணுக்குக் கிடைத்த வெற்றி என்று சிலர் எழுதும்போது எனக்கு முழுசாக ஒப்பவில்லை. மருமகள் செய்த வேலை மகளுக்கு மாறியிருக்கிறது. தன் அப்பாவுக்குச் செய்கிறோம் என்ற நிறைவு அவளுக்கு உண்டு, அது பெரிய விஷயம்தான். வேலை அதே வேலை.

ஆனால் மாமா விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஊரில் தண்ணீர்கூடத் தானே மொண்டு குடிக்காத மனிதர், இங்கே பேத்திக்குத் தலைவாரிப் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார். மனைவி வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்கிறாராம். நான் இதை நேரில் பார்த்ததில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டதும் முறத்தை உள்ளே வைத்துவிடுவார் என்று என் மகள் சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ளை பார்க்காத நேரத்தில் இந்த வீடு அவருக்கு மகள் வீடாகவே இருக்கிறது போலும். அதனால் இப்போதெல்லாம் நான் கீழேயே கொஞ்ச நேரம் நின்று யாரிடமாவது பேசிவிட்டு மேலே வருகிறேன்.

சம்பந்திகள்

போன கோடையில் முட்டி அறுவைசிகிச்சைக்காக அம்மா திருச்சியிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். சம்பந்திகள் இருவரும் ஒரே வீட்டில். கல்யாணம், காதுகுத்து என்று எப்போதாவது பார்த்து, "நல்லா இருக்கீங்களா" என்று கும்பிட்டுக்கொண்ட இருவர், காலையில் ஒரே குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றார்கள். மாமா ஹாலில் இருந்தால் அம்மா சீரியல் பார்க்க வரமாட்டார். அம்மா இருந்தால் மாமா செய்தி பார்க்க வரமாட்டார். இருவரும் வராத ஹாலில் டிவி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. என் மகள்தான் தூது போனாள். அம்மா போனில் உறவுக்காரர்களிடம், "சம்பந்தி இங்க வந்திருக்கார்" என்று சொல்வது எனக்குக் கேட்கும். அடுத்த அறையில் மாமா, "சம்பந்தியம்மா வந்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்களுக்கு ஒரே மகள் என்பதால் வாசல் பிரச்சினை எங்கள் தலைமுறையோடு தீர்ந்துவிடும் என்கிறாள் மனைவி. மகன் வீடு என்று ஒன்று இருந்தால்தானே அங்கே போய்ச் சாகவேண்டும் என்று தோன்றும். அது சரிதான். எங்கள் மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையனும் ஒரே பிள்ளையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் அந்த இருவரும் பார்த்துக்கொள்ளவேண்டிய கிழங்கள் நான்கு. அவர்கள் வாங்கப்போகும் வீட்டிலும் இரண்டு படுக்கையறைதான் இருக்கும், விலை அப்படி. நானும் என் சம்பந்தியும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது மருமகன் கதவைத் திறந்தால், டிவியைக் குறைத்துவிட்டு எங்களில் யார் எழுந்து உள்ளே போவது? அதற்கான வழக்கம் இன்னும் உருவாகவில்லை.